ஜெல்லுக்குள் செல்லும் சுழல் ஒற்றர்



ஏலக்காய் மணக்கும் நம் போடிநாயக்கனூரில் நீரைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. மேற்கே போடிமெட்டுக்கு ஏறினால் மேகமும் சாரலும் நம்மை வரவேற்கும். மலையை விட்டு இறங்கினால் வறண்ட காற்றும் ஆழ்ந்த கிணறுகளும்தான். மலைமேல் உள்ளவர்களுக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஏலச்செடியின் வேர் மண்ணில் ஆழமாகப் போவதில்லை. மேல்மண் காய்ந்தால் செடியும் வாடும். 2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் இடுக்கி மலைகளின் ஏலத் தோட்டங்கள் பெருஞ்சேதம் அடைந்ததை நாம் அறிவோம்.

இத்தகைய காலங்களில் 'ஹைட்ரோஜெல்' என்ற சொல்லை விவசாய ஏடுகளில் காண்கிறோம். சர்க்கரைபோல் இருக்கும் இத்தூளில் ஒரு பிடி, ஒரு வாளி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் உறிஞ்சிய நீரை அது வேருக்குக் கொடுக்குமா? கஞ்சனின் பெட்டியில் விழுந்த காசுபோல் நீர் உள்ளேயே முடங்கிவிடுமா? கொடைவள்ளல் கையில் இருக்கும் பொருள்போல் வெளியே வருமா?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், ஜெல்லுக்குள் இருக்கும் நீர் எப்படி நடமாடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் அதைக் காண இயலாது. அறிவியலார் அதற்கு ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள். மிகச் சிறிய ஒற்றர் ஒருவரை உள்ளே அனுப்பி, அவர் எப்படிச் சுழல்கிறார் என்பதை வெளியிலிருந்து கவனிப்பதே அவ்வழி. அவ்வொற்றருக்கு 'ஸ்பின் புரோப்' என்று பெயர். நாம் அவரைச் 'சுழல் ஒற்றர்' என்றே அழைப்போம்.

ஜெல் என்பது யாது?

ஜெல் நமக்குப் புதியதன்று. திருவிழா நாளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைக்கும் கடற்பாசி ஒரு ஜெல். மதுரை ஜிகர்தண்டாவில் மிதக்கும் பாதாம் பிசின் ஒரு ஜெல். நீரில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழுவழுப்பாக நிற்கும் உறையும் ஜெல்லே. கடற்பாசித் தூள் ஒரு கிராம் இருந்தால் போதும், ஏறக்குறைய நூறு கிராம் நீரை அது அசையாமல் நிறுத்திவிடும். தட்டைச் சாய்த்தாலும் கொட்டாத அப்பண்டத்தில் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் வெறும் நீர்தான் என்றால் வியப்பாக இல்லையா?

இதன் இரகசியம் பாலிமர் எனப்படும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் இருக்கிறது. சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கைகோத்து நின்றால் பாலிமர் ஆகும். அச்சங்கிலிகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டால் மீன் வலைபோன்ற ஓர் அமைப்பு உண்டாகும். வலையின் கண்களுக்குள் நீர் புகுந்து நிற்கும். நீர் புகப்புக வலை விரியும். முடிச்சுகள் இருப்பதால் வலை கரைந்து போகாது. இதுவே ஜெல். உள்ளே புகும் திரவத்துக்குப் பொதுவாகக் 'கரைப்பான்' என்று பெயர். அது நீராகவும் இருக்கலாம், ஆல்கஹாலாகவும் இருக்கலாம்.

உள்ளே இருக்கும் நீர் எத்தகையது?

ஏலக்காய் உலர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பங்கு நீர் இருக்கிறது. உலர்த்தும் அறையில் சூடேற்றினால் முதலில் நீர் விரைந்து வெளியேறுகிறது. பிறகு மெதுவாகப் போகிறது. கடைசியில் எஞ்சும் சிறு பங்கு எளிதில் போவதில்லை. ஒரே காயில் இருந்த நீர்தான். ஆனால் எல்லா நீரும் ஒரே விதமாகப் பிடிபட்டிருக்கவில்லை.

ஜெல்லிலும் அப்படியே. சங்கிலியை ஒட்டி நிற்கும் நீர் மூலக்கூறுகள் அதனோடு பிணைப்புக் கொண்டு சற்றே தயங்கி நடக்கின்றன. வலைக்கண்ணின் நடுவில் இருப்பவை ஏறக்குறைய கிணற்று நீர்போலவே திரிகின்றன. தராசில் நிறுத்தால் மொத்த நீர் எவ்வளவு என்று தெரியும். அதில் எவ்வளவு தயங்குகிறது, எவ்வளவு தாராளமாக ஓடுகிறது என்பதைத் தராசு சொல்லாது. அங்கேதான் ஒற்றர் தேவைப்படுகிறார்.

யார் இந்த ஒற்றர்?

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம்போல் நடந்துகொள்கிறது. இப்பண்புக்கு 'ஸ்பின்' என்று பெயர். 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு இளைஞர்களான ஊலென்பெக், கௌட்ஸ்மிட் ஆகிய இருவரும் இக்கருத்தை முன்வைத்தார்கள். பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். இணையில் ஒன்று வடக்கே பார்த்தால் மற்றொன்று தெற்கே பார்க்கும். ஆகையால் காந்தத் தன்மை ஒன்றையொன்று அழித்துவிடும். நீரும் அப்படித்தான், சர்க்கரையும் அப்படித்தான், பாலிமரும் அப்படித்தான்.

இணையில்லாத தனி எலெக்ட்ரான் ஒன்றைக் கொண்ட மூலக்கூறு இக்கூட்டத்தில் புகுந்தால், அது மட்டும் தனித்துத் தெரியும் அல்லவா? அத்தகையதே சுழல் ஒற்றர். சாதாரணமாகத் தனி எலெக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகள் நெடுநேரம் நிலைப்பதில்லை. அருகில் இருப்பதோடு உடனே சேர்ந்துவிடும். ஆனால் 1960இல் சோவியத் நாட்டு வேதியியலார் தயாரித்த 'டெம்போ' என்ற பொருள் அப்படிப்பட்டதன்று. அதில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்த இடத்தில் தனி எலெக்ட்ரான் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு மெத்தில் தொகுதிகள் காவலர்போல் நிற்கின்றன. வேறெதுவும் எளிதில் நெருங்க முடியாது. ஆகவே டெம்போவைப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த அதன் படிகங்கள் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில், அதாவது நம் உடல் சூட்டிலேயே, உருகிவிடும்!

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹார்டன் மெக்கானல் என்பவர் இத்தகைய மூலக்கூறுகளை உயிர்ப்பொருள்களில் ஒட்டி ஆராயும் முறையைத் தொடங்கி வைத்தார். ஒரு பொருளில் ஒட்டிவைத்தால் அதற்கு 'ஸ்பின் லேபிள்' என்று பெயர். ஒட்டாமல் கரைப்பானில் கலந்து திரியவிட்டால் 'ஸ்பின் புரோப்'. ஜெல்லில் உள்ள கரைப்பானை அறியப் பெரிதும் பயன்படுவது பின்னதே.

ஒற்றரின் பேச்சைக் கேட்கும் கருவி

ஒற்றரை அனுப்பினால் போதுமா? அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமே! அதற்கான கருவி எலெக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு மானி. சுருக்கமாக ஈ.எஸ்.ஆர். என்பார்கள். இவ்வொத்ததிர்வை முதன்முதலில் கண்டவர் ரஷ்யாவின் கசான் நகரத்தைச் சேர்ந்த எவ்கெனி சவோய்ஸ்கி. ஆண்டு 1944. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம். இரண்டு பெரிய மின்காந்தங்களின் நடுவே மாதிரியை வைக்கிறார்கள். வழக்கமான கருவியில் அங்கே சுமார் 3,400 காஸ் அளவு காந்தப்புலம் இருக்கும். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 0.4 காஸ்தான். அப்படியானால் கருவியின் காந்தம் அதைவிட எண்ணாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அப்புலத்தில் தனி எலெக்ட்ரான் புலத்தின் திசையிலோ எதிர்த்திசையிலோ நிற்கலாம். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் திரும்ப அதற்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். விநாடிக்கு ஏறக்குறைய 950 கோடி முறை அதிரும் நுண்ணலை அந்த ஆற்றலைத் தருகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால்தான் உயரும் என்பதுபோல, காந்தப்புலமும் அலையும் சரியாகப் பொருந்தும்போது மட்டும் எலெக்ட்ரான் நுண்ணலையை உறிஞ்சும். காந்தப்புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், பொருத்தம் நேரும் இடங்களில் கோடுகள் தோன்றும்.

இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. நீரும் நுண்ணலையை உறிஞ்சிச் சூடாகும். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதற்கு அதுதானே காரணம்! ஆகவே நீருள்ள மாதிரியை ஊசிபோன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில்தான் எடுப்பார்கள். ஒற்றர்களும் மிகக் குறைவாகவே வேண்டும். லிட்டருக்கு 16 மில்லிகிராம் டெம்போ கரைத்தாலே நல்ல சைகை கிடைக்கும். அதிகமானால் ஒற்றர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு செய்தியைக் குழப்பிவிடுவார்கள்.

மூன்று கோடுகள் சொல்லும் செய்தி

டெம்போவைத் தூய நீரில் கரைத்து அளந்தால் வரைபடத்தில் மூன்று கூரிய கோடுகள் கிடைக்கும். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏன் மூன்று? தனி எலெக்ட்ரானின் பக்கத்தில் இருக்கும் நைட்ரஜன் அணுக்கருவும் ஒரு சிறு காந்தம். அது மூன்று விதமாக நிற்கக்கூடும். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு கோடு. இம்மூன்று கோடுகள் நமக்கு இரண்டு செய்திகளைத் தருகின்றன.

முதற்செய்தி, ஒற்றர் எத்தகைய இடத்தில் இருக்கிறார் என்பது. நீரில் இருந்தால் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 17 காஸ் இடைவெளி இருக்கும். டொலுவீன்போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பானில் அது 15½ காஸ் அளவாகக் குறையும். இடைவெளியை அளந்தாலே, ஒற்றர் தண்ணீரில் நிற்கிறாரா, கொழுப்புப் பாங்கான மூலையில் ஒதுங்கியிருக்கிறாரா என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் செய்தி, அவர் எவ்வளவு வேகமாக உருள்கிறார் என்பது. இதை மின்விசிறியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். விசிறி வேகமாகச் சுழலும்போது மூன்று இறக்கைகளும் கலந்து ஒரே வட்டமாகத் தெரிகின்றன. மெதுவாகச் சுழன்றால் இறக்கைகள் தனித்தனியே தெரியும். அதுபோல, ஒற்றர் வேகமாக உருண்டால் அவர் பார்க்கும் திசைகள் எல்லாம் சராசரியாகி, கோடுகள் கூர்மையாகவும் ஏறக்குறையச் சம உயரமாகவும் நிற்கும். உருளும் வேகம் குறைந்தால் கோடுகள் அகன்று உயரம் வேறுபடும். மூன்றாவது கோடு முதலில் குட்டையாகும். முற்றிலும் உறைந்துபோனால் கூரிய மூன்று கோடுகள் மறைந்து, ஏறத்தாழ 70 காஸ் அகலத்துக்குப் பரந்த ஒரு மேடுபள்ளமே மிஞ்சும்.

அறை வெப்பநிலையில் தூய நீரில் டெம்போ ஒருமுறை திசை மாற எடுக்கும் காலம், ஒரு விநாடியைப் பத்தாயிரம் கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஓரிரு பங்கு! குழகுழப்பான திரவத்தில் அது நூறு மடங்கு நீளலாம். திரவத்தின் பாகுத்தன்மை இரட்டித்தால் அக்காலமும் இரட்டிக்கும். ஒற்றரின் உருவம் இரு மடங்கானால் எட்டு மடங்காகும். ஆகவே கோடுகளின் உயரத்தையும் அகலத்தையும் கொண்டு கணக்கிட்டால், ஒற்றரைச் சுற்றியுள்ள கரைப்பான் எவ்வளவு தளர்வாக நடமாடுகிறது என்பது எண்ணாகவே வந்துவிடும்.

இத்தகைய ஒற்றர்களை ஆராய்கிறவர்கள் நமக்கு வெகு தொலைவில் இல்லை. மதுரைக்குப் பேருந்தில் போகும்போது நாகமலையைக் கடக்கிறோம் அல்லவா? அங்குள்ள ச. வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியின் இயற்பியல் துறை ஆய்வாளர்கள், ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, நைட்ராக்சில் வகை ஒற்றர்களைத் தூய நீரிலும், லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகள் கலந்த கரைசலிலும் இட்டு ஈ.எஸ்.ஆர். முறையால் அளந்திருக்கிறார்கள். உடலின் உள்ளே நடப்பதைப் படமெடுக்கும் மருத்துவக் கருவிகளுக்கு இவ்வாய்வு உதவும். சென்னை ஐ.ஐ.டி.யில் 1970களில் தொடங்கப்பட்ட கருவி மையத்தில், பிற கல்லூரியினரும் தம் மாதிரிகளை ஈ.எஸ்.ஆர். கருவியில் அளந்து பெற வழி உண்டு. நாளை நம் மாணவி ஒருத்தியின் மாதிரியும் அங்கே போகலாம்.

மாற்றியமைத்த ஜெல்களில் நடப்பது

இனி மையப் பொருளுக்கு வருவோம். ஜெல்லின் சங்கிலியில் சிறு மாற்றம் செய்தால் கரைப்பானின் நடை எப்படி மாறும்?

முதல் உதாரணம் டெக்ஸ்ட்ரான் ஜெல். கரும்புச் சாறு நெடுநேரம் நின்றால் பிசுபிசுப்பாவதைக் கண்டிருப்போம். ஒருவகை நுண்ணுயிர் சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பாலிமரை உண்டாக்குவதே அதற்குக் காரணம். அந்த டெக்ஸ்ட்ரான் சங்கிலிகளை முடிச்சிட்டு உருவாக்கிய 'செஃபடெக்ஸ்' என்ற ஜெல் மணிகளை 1959இல் சுவீடன் நாட்டார் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மூலக்கூறுகளைப் பருமன் வாரியாகப் பிரித்தெடுக்க அவை பயன்படுகின்றன. செஃபடெக்ஸ் நீரில் நன்றாக ஊதும். எண்ணெய்ப் பாங்கான கரைப்பான்களில் ஊதாது. சங்கிலியில் ஹைட்ராக்சிபுரொப்பைல் என்ற சிறு தொகுதியை ஒட்டிப் பார்த்தார்கள். இப்போது ஒரு கிராம் உலர்ந்த ஜெல், நீரிலும் மெத்தில் ஆல்கஹாலிலும் ஒன்றுபோல் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர் அளவுக்கு ஊதியது. டொலுவீனில் 1½ மில்லிலிட்டரோடு நின்றது. நீரில் கரையாத தாவர வாசனைப் பொருள்களையும் சாரங்களையும் பிரிக்க இம்மாற்றம் கதவு திறந்தது. ஏலக்காய் எண்ணெயில் உள்ள சினியோல்போன்ற பொருள்களும் ஆல்கஹாலில் எளிதில் கரைவனவே.

இத்தகைய ஜெல்லில் நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை ஊற்றினால், வெளியே உள்ள கலவை விகிதமே உள்ளேயும் இருக்க வேண்டும் என்பதில்லை. சங்கிலி தனக்குப் பிடித்த கரைப்பானை அருகே வைத்துக்கொள்ளும். இதை நேரில் காண முடியாது. ஒற்றரை உள்ளே அனுப்பிக் கோடுகளின் இடைவெளியை அளந்தால், அவரைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் நீரா, ஆல்கஹாலா என்பதற்குச் சான்று கிடைக்கும்.

இரண்டாம் உதாரணம் இன்னும் சுவையானது. பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்று ஒரு பாலிமர் உண்டு. அதன் ஜெல் குளிர்ந்த நீரில் ஊதி நிற்கும். ஏறக்குறைய 32 டிகிரியைத் தாண்டினால் நீரைக் கக்கிவிட்டுச் சுருங்கும். நம் ஊரில் காலையில் விரிந்து நண்பகலில் சுருங்கும் ஜெல் என்று சொல்லலாம்! ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆராய்ச்சி நிறுவனத்தார், இச்சங்கிலியில் வேறு இரு தொகுதிகளைச் சேர்த்து மாற்றியமைத்த ஜெல்லில் டெம்போவை அனுப்பி, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூடேற்றியபோது, ஒரே ஜெல்லிலிருந்து இரு வகைச் சைகைகள் வந்தன. ஒரு பகுதி ஒற்றர்கள் 'நாங்கள் நீரில் இருக்கிறோம்' என்றார்கள். மற்றொரு பகுதி 'எங்களைச் சுற்றி நீரில்லை' என்றார்கள். கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிந்த ஜெல்லுக்குள், ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கு அளவேயுள்ள ஈரத் தீவுகளும் வறண்ட தீவுகளும் அருகருகே இருந்தன! போடிமெட்டுச் சாரலும் அடிவாரத்து வெயிலும் ஒரே நாளில் இருப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றருக்கும் ஓர் ஒற்றர்

திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்பே ஏற்க வேண்டும் என்பது அதில் அவர் கூறும் நெறி. சுழல் ஒற்றர் விஷயத்திலும் இந்நெறியை விடக்கூடாது.

ஏனென்றால் ஒற்றர் சொல்வது தாம் நிற்கும் இடத்தின் செய்தியை மட்டுமே. டெம்போவுக்கு எண்ணெய்ப் பாங்கான இடத்தில் சற்று விருப்பம் உண்டு. அது அங்கே போய் ஒதுங்கினால் நீரின் செய்தி குறைவாகவே வரும். ஆகவே நீரை விரும்பும் 'டெம்பால்', மின்னேற்றம் உடைய ஒற்றர், கொழுப்பமிலத்தின் நீண்ட வாலோடு கூடிய ஒற்றர் எனப் பலரை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். எல்லாருடைய சொல்லும் ஒத்துவந்தால்தான் முடிவுக்கு வருவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் கோடுகளை அகலமாக்கும்; அதனால் நைட்ரஜனைச் செலுத்தி அதை வெளியேற்றுவது வழக்கம். எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி டெம்போவின் தனி எலெக்ட்ரானுக்கு இணை சேர்த்து, ஒற்றரை ஊமையாக்கிவிடும்! மாதிரி சுத்தமாக இருக்க வேண்டிய காரணம் இதனால் விளங்கும்.

தோட்டத்துக்கு என்ன பயன்?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நன்றாக ஊதிய ஜெல்லில் சங்கிலி மிகக் குறைவு, நீரே மிகுதி. அதில் சிறிய சுழல் ஒற்றர் ஏறக்குறைய திறந்த நீரில் உருள்வதுபோலவே உருள்கிறார். ஜெல் காயக்காய அவர் நடை தளர்கிறது. கடைசி ஈரத்தில் அவர் திணறுகிறார். இதன் பொருள் என்ன? ஜெல்லில் உள்ள நீரில் பெரும்பங்கு கட்டுண்டு கிடப்பதில்லை. வேர் இழுத்தால் வரும். சங்கிலியை ஒட்டிய கடைசிச் சிறு பங்கே எளிதில் வராது. ஆக, ஜெல் கஞ்சனும் அன்று. அட்சய பாத்திரமும் அன்று.

அட்சய பாத்திரம் அன்று என்பதைக் கணக்கே காட்டும். புதுதில்லியின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை மாற்றியமைத்து உருவாக்கிய 'பூசா ஹைட்ரோஜெல்' தூய நீரில் தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு உறிஞ்சும் என்பர். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ இடப் பரிந்துரைக்கிறார்கள். 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் 700 லிட்டர் நீர் பிடிக்கும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 4,047 லிட்டர். அப்படியானால் ஒருமுறை நிரம்பிய ஜெல், ஒரு மில்லிமீட்டர் மழையில் ஆறில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்கிறது! நீர்பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் வேரருகே நிரம்பி, மெல்ல மெல்லக் கொடுத்து, மீண்டும் நிரம்புவதால்தான் அது உதவக்கூடும். கிணற்றுக்குப் பதில் ஜெல் என்று எண்ணலாகாது.

இன்னொன்றும் உண்டு. 350 மடங்கு என்பது தூய நீரில். உப்போ சுண்ணாம்புச் சத்தோ மிகுந்த கிணற்று நீரில் ஜெல் அவ்வளவு ஊதாது. பாலிஅக்ரிலேட் வகை ஜெல்லில் கால்சியம் புகுந்தால் சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டி வலையை இறுக்கிவிடும். ஆகவே ஜெல் வாங்க நினைக்கும் பெற்றோர், 'எத்தனை மடங்கு?' என்பதோடு 'எந்த நீரில்?' என்றும் கேட்க வேண்டும். பணம் கொடுக்குமுன் ஒரு தேக்கரண்டித் தூளைத் தம் கிணற்று நீரிலேயே ஊறவைத்து நிறுத்துப் பார்ப்பது நல்லது.

செய்து பார்க்க இரு சோதனைகள்

ஈ.எஸ்.ஆர். கருவி நம் பள்ளியில் இல்லையே என்று வருந்த வேண்டாம். கருத்தை விளக்க எளிய சோதனைகள் உண்டு.

ஒன்று: சர்க்கரை சேர்க்காமல் கடற்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தம்ளரில் உறைய விடுங்கள். மேலே ஒரு சொட்டு நீல மை விடுங்கள். சில மணிக்கொரு முறை மை எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். தம்ளரைச் சாய்த்தாலும் கொட்டாத ஜெல்லுக்குள் மை இறங்குவது எப்படி? வலை நிற்கிறது, நீர் நடக்கிறது. அதுதான் விடை. மையே இங்கே நமக்கு ஒற்றர். அடர்த்தியாகக் காய்ச்சிய கடற்பாசியிலும் இதைச் செய்து ஒப்பிடுங்கள்.

இரண்டு: பயன்படுத்தாத குழந்தை டயப்பர் ஒன்றைப் பிரித்தால் பஞ்சோடு வெண்மணிகள் கிடைக்கும். அவற்றில் ஒரு தேக்கரண்டி எடுத்து நீர் ஊற்றுங்கள், கட்டியாக ஊதும். பிறகு ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிக் கிளறுங்கள். ஜெல் நீரை விட்டுத் தளர்ந்துவிடும். ஆசிரியை முன்னிலையில் செய்யுங்கள். அம்மணிகளை வாயில் வைக்கவும் கூடாது. கழிவுநீர்க் குழாயில் கொட்டவும் கூடாது.

மாணவியரே! பெரிய பொருளை அறியப் பெரிய கருவிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு தனி எலெக்ட்ரானை உள்ளே அனுப்பி, அதன் நடையைப் பொறுமையாக அளந்து, மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்த்து, அதன் பின்னரே 'இது இப்படி' என்று சொல்லும் நேர்மை அறிவியலின் சிறப்பு. கடையில் விற்கும் தூளானாலும் காதில் விழும் செய்தியானாலும், எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எவ்வளவு கொடுக்கும் என்றும் கேட்டுப் பழகுவோம். நீரருமை அறிந்த நம் ஊரிலிருந்து அக்கேள்விக்கு விடை காணும் அறிவியலறிஞர்கள் தோன்றட்டும்!